டெக்சாஸ்லேர்ந்து நியூ ஜெர்சிக்கு துப்பாக்கியோட வரலாமா: ஒரு விரிவான பதில்

ஆஸ்டின்லேர்ந்து எடிசனுக்கு மாறி வர்றீங்க, போன வருஷம்தான் கிரீன் கார்டு கைக்கு வந்துச்சு, கிட்ட கிளாக் 19ன்னு ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ஏஆர் ரைஃபிள், நாலஞ்சு டப்பா ஹாலோ பாயிண்ட் தோட்டா (நுனில குழி இருக்குற வகை) இருக்கு, வீட்ல ஏழு வயசுப் பொண்ணு, ஹெச் 1 பி விசால இருக்குற மச்சினனும் கூடவே வர்றாரு, இதையெல்லாம் எழுதிட்டு "நியூ ஜெர்சில துப்பாக்கி வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்க முடியுமா, இல்ல எல்லாத்தையும் வித்துட்டு வந்துரலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு தடவ படிச்சேன். அங்க சட்டம் கடுமைன்னு உங்களுக்கே தெரியும், அதுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல. மனசாரத் தப்பு பண்ணாத ஒரு ஆளு, ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகுற இடத்துக்கு, போயிட்டு வர்ற வழில தெரியாமலே ஜெயிலுக்குப் போற கேஸ்ல மாட்டிக்க முடியுமா, இந்த பயம்தான் உங்க கேள்விக்குள்ள இருக்குன்னு எனக்குப் படுது. மாட்டிக்க முடியும். மாட்டாம இருக்கவும் முடியும், 14 வருஷமா நான் இந்த ஸ்டேட்ல அப்படித்தான் இருக்கேன்.

நான் வக்கீல் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன். மிடில்செக்ஸ் கவுண்டில வீடு, ஒரு கிளப்ல ஆறேழு வருஷமா ரேஞ்ச் சேஃப்டி ஆபீசரா நிக்கிறேன், புதுசா வர்றவங்களுக்கு அடிப்படை பிஸ்டல் வகுப்பும் எடுக்குறேன். வகுப்புக்கு வர்றவங்கள்ல நம்ம ஆளுங்க நிறைய, அதனால உங்க மாதிரி கேள்விய நான் கேக்காத மாசமே இல்ல. நடைமுறைல பார்த்தது, சட்டத்த நானே உக்காந்து படிச்சது, இந்த ரெண்டுலேர்ந்துதான் சொல்றேன். உங்க குறிப்பிட்ட துப்பாக்கி, குறிப்பிட்ட தேதின்னு வரும்போது நியூ ஜெர்சில ஆயுத கேஸ் பார்க்குற வக்கீல் ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்துப் பேசிடுங்க, அந்த செலவு வீண் போகாது.

டெக்சாஸ்காரங்களுக்கு இங்க முதல்ல புரியாதது ஒண்ணு இருக்கு. அங்க 2021 செப்டம்பர்லேர்ந்து பர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கிய இடுப்புல வச்சுக்கிட்டு போகலாம், அதாவது வச்சுக்கலாம்னு ஆரம்பிச்சு, எங்கெல்லாம் கூடாதுன்னு சட்டம் சொல்லும். நியூ ஜெர்சில இது அப்படியே தலைகீழ். பர்மிட் இல்லாம கைத்துப்பாக்கி வச்சிருந்தாலே குற்றம்னு ஒரு பிரிவு இருக்கு, அதுக்கப்புறம் வேற ஒரு பிரிவுல விதிவிலக்குகள அடுக்கியிருக்காங்க: உங்க வீடு, உங்க சொந்த நிலம், உங்க கடை, ரேஞ்சுக்குப் போற வழி, டீலர்கிட்ட ரிப்பேருக்குக் கொண்டு போற வழி, வேட்டைக்குப் போறது, வீடு மாத்துறது. இந்த விதிவிலக்குல ஏதோ ஒண்ணுக்குள்ளதான் நீங்க எப்பவும் நின்னுக்கிட்டு இருக்கணும், காலை வெளிய வச்சீங்கன்னா நல்லவரு கெட்டவருன்னு பார்க்காம அது இரண்டாம் டிகிரி குற்றம், 5லேர்ந்து 10 வருஷம், அதுல கிரேவ்ஸ் ஆக்ட்னு ஒரு சட்டத்தால குறைஞ்சது 42 மாசம் பரோல் இல்லாம உள்ள இருக்கணும். எனக்கு இது சீக்கிரம் புரிஞ்சதுக்குக் காரணம் எங்க தாத்தா. தேனிப் பக்கம் மலையடிவாரத் தோட்டம், பன்னி வெரட்ட லைசென்ஸ் வாங்கின ரெட்டைக்குழல் துப்பாக்கி வச்சிருந்தாரு. தேர்தல் அறிவிச்சாப் போதும், அத வேட்டில சுத்தி எடுத்துக்கிட்டு டேசன்ல ஒப்படைச்சுட்டு ரசீது வாங்கிட்டு வருவாரு, ஓட்டு எண்ணி முடிச்சப்புறம்தான் திரும்ப வீட்டுக்கு வரும். துப்பாக்கின்னா சர்க்கார் அனுமதிக்குள்ளதான்னு சின்ன வயசுலயே பார்த்து வளர்ந்தவன், அதனால நியூ ஜெர்சி சட்டத்தப் படிச்சப்போ எனக்கு அதிர்ச்சி ஆகல. நீங்க ஆஸ்டின் பழக்கத்த மறந்துட்டு ஊர்ல லைசென்ஸ் வச்சிருந்த யாரையாவது நினைச்சுக்கங்க, பாதி சரியாயிடும்.

இப்போ லாரி கிளம்புறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது. கிளாக் 19 கூட வர்ற மேகசின், அதாவது தோட்டா அடைக்குற பெட்டி, 15 தோட்டா பிடிக்கும், நியூ ஜெர்சில 10தான். 1990லேர்ந்து 15 வரைக்கும் விட்டிருந்தாங்க, 2018 ஜூன்ல அத 10 ஆக்கிட்டாங்க, இருக்குறவங்க ஒழிக்கிறதுக்கு அந்த வருஷம் டிசம்பர் வரைக்கும்தான் டைம் குடுத்தாங்க. 15 மேகசின் ஒண்ணு பைல கிடந்தாலே அது நாலாம் டிகிரி குற்றம், 18 மாசம் வரைக்கும் போகலாம். அதனால அந்த மேகசின்கள அங்கயே வித்துட்டு 10 தோட்டா மேகசின் வாங்கிக்கங்க, கிளாக்லயே கிடைக்குது. துப்பாக்கிக் கேஸ், ரேஞ்ச் பை, கார் டேஷ்போர்டு, பழைய ஜாக்கெட் பாக்கெட் எல்லாத்தையும் கொட்டிப் பார்த்துட்டு கிளம்புங்க, ஏன்னா மறந்து போன மேகசின்தான் நான் பார்த்த வரைக்கும் எல்லாரையும் நடுங்க வைக்கிறது. ஹாலோ பாயிண்ட் தோட்டா வேற மாதிரி: வீட்ல வச்சுக்கலாம், வாங்கின கடைலேர்ந்து வீட்டுக்குக் கொண்டு வரலாம், ரேஞ்சுக்குக் கொண்டு போகலாம், இதத் தாண்டி கைல இருந்தா குற்றம். வேற ஸ்டேட் வீட்லேர்ந்து இங்க வீடு மாறும்போது கொண்டு வர்றது இதுக்குள்ள சுத்தமா உக்காருதான்னு கேட்டா, வாதாட இடம் இருக்குங்கறவங்களும் இருக்காங்க, வேண்டாங்கறவங்களும் இருக்காங்க. நான் வேண்டாங்கற பக்கம். நாலஞ்சு டப்பாதானே, கிளம்புறதுக்கு முன்னாடி சுட்டுத் தீர்த்துடுங்க, இங்க வந்து வாங்கிக்கலாம்.

ஏஆர் விஷயத்துல உங்களுக்கு வருத்தமாத்தான் இருக்கும், ஆனா கொண்டு வராதீங்க. 1990லயே இங்க அசால்ட் ஃபயர் ஆர்ம் தடை வந்துடுச்சு, பேர் சொல்லி ஒரு பட்டியல், அதோட அதுக்கு ஒத்த மாதிரி இருக்குறதும் தடை. கழட்டி மாட்டுற மேகசின் இருந்து, கூடவே நீளத்த மாத்துற ஸ்டாக் (தோள்ல வைக்கிற கட்டை), பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கி மாதிரி பிடி), ஃபிளாஷ் சப்ரஸர் (சுடும்போது வர்ற வெளிச்சத்தக் குறைக்கிற முனை), பயனெட் (கத்தி) மாட்டுற இடம், இந்த மாதிரி அம்சத்துல ரெண்டு சேர்ந்தா முடிஞ்சது. ஸ்டாக்க நிலையா பூட்டி, முன்முனைய வெல்ட் வச்சு, நியூ ஜெர்சிக்குன்னே செய்ற மாடல் இங்க கடைல விக்கிறாங்க, ஆனா டெக்சாஸ் கடைல சாதாரணமா வாங்கின ஏஆர் அந்த மாதிரி இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. 2024 ஜூலைல இங்க ஒரு ஃபெடரல் நீதிபதி கோல்ட் ஏஆர் 15 மேல இருக்குற தடை அரசியல் சட்டத்துக்கு எதிரானதுன்னு தீர்ப்பு குடுத்தாரு, அத வச்சு நண்பர்கள் யாராவது "இப்போ ஓகே"ன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. அந்தத் தீர்ப்ப நிறுத்தி வச்சு மேல்முறையீட்டுக்குப் போனாங்க, அதே தீர்ப்புல 10 தோட்டா வரம்பு சரின்னுதான் அவரும் சொன்னாரு. அந்த ரைஃபிள ஆஸ்டின்லயே டீலர் மூலமா வித்துடுங்க.

வந்து சேர்ந்தப்புறம் 60 நாள்தான் டைம். 2022 ஜூலைல வந்த சட்டப்படி துப்பாக்கியோட குடி வர்றவங்க அதுக்குள்ள எஃப்ஐடி கார்டுக்கு விண்ணப்பிக்கணும், வெளி ஸ்டேட்ல வாங்கின கைத்துப்பாக்கியப் பதிவு பண்ணணும். எஃப்ஐடி கார்டுன்னா துப்பாக்கி வாங்குறதுக்கான அடையாள அட்டை, ரைஃபிள், ஷாட்கன் வாங்க அது போதும். கைத்துப்பாக்கிக்கு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பர்மிட், 90 நாள் செல்லும், இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். 2022 கடைசில கட்டணத்தையும் ஏத்திட்டாங்க, கார்டு 5 டாலர்லேர்ந்து 50, பர்மிட் 2 டாலர்லேர்ந்து 25. விண்ணப்பம் ஆன்லைன்ல, ஸ்டேட் போலீஸ் சைட்ல, ஆனா முடிவு பண்றது உங்க ஊர் போலீஸ். கைரேகை குடுக்கணும், மனநல ரெக்கார்டு பார்க்க சம்மதக் கையெழுத்து போடணும், ரெண்டு பேர ரெஃபரன்ஸ் குடுக்கணும். இந்த ரெஃபரன்ஸ்தான் நம்ம ஆளுங்களுக்குப் பெரிய தலைவலி. ஆபீஸ் நண்பர்கிட்டயோ தமிழ்ப் பள்ளில பழக்கமானவர்கிட்டயோ போய் "நான் துப்பாக்கி வாங்குறேன், உங்களுக்கு ஒரு ஈமெயில் வரும், பதில் போடுங்க"ன்னு சொன்னா முகமே மாறிடும். சொல்லாம பேரக் குடுத்துட்டாலோ அந்த மெயில ஸ்பேம்னு நினைச்சு விட்டுடுவாங்க, உங்க விண்ணப்பம் அங்கயே நிக்கும். நேர்ல உக்கார வச்சு, ஏன் வச்சிருக்கீங்க, எப்படிப் பூட்டி வைக்கிறீங்கன்னு எடுத்துச் சொல்லி, அவங்க மனசு ஒத்துக்கிட்டாதான் பேர் குடுங்க. சட்டத்துல 30 நாள்னு இருக்கு. எனக்கு முதல் தடவ அஞ்சு மாசம் ஆச்சு, போன் பண்ணினா "ப்ராசஸ்ல இருக்கு"ங்கற ஒரே பதில், பக்கத்து ஊர்ல இருந்தவருக்கு மூணே வாரத்துல வந்துடுச்சு. ஒரே ஸ்டேட், ஒரே சட்டம், ஆனா தெருவத் தாண்டினா காத்திருக்குற காலம் மாறுது, இது நியாயமே இல்லன்னு அன்னைக்கும் நினைச்சேன், இன்னைக்கும் நினைக்கிறேன். உங்க விண்ணப்பத்த முதல் வாரத்துலயே போட்டுடுங்க. இன்னொண்ணு, வாடகை வீட்லேர்ந்து சொந்த வீட்டுக்கு மாறினா 30 நாளுக்குள்ள கார்டுல முகவரி மாத்தணும். நான் அத விட்டுட்டேன், டீலர் கடைல கார்ட நீட்டினப்போதான் தெரிஞ்சது, அவர் கார்டத் திருப்பிக் குடுத்து அனுப்பிட்டாரு, அதோட போச்சேன்னு நிம்மதியா வந்தேன்.

இதெல்லாம் பேப்பர் வேலை, பொறுமை இருந்தா முடிஞ்சுடும். நிஜமான ஆபத்து கார்லதான் இருக்கு, அதனால இத நிதானமாப் படிங்க. துப்பாக்கில தோட்டா இருக்கக் கூடாது, மூடிப் பூட்டின கேஸ்ல இருக்கணும், இல்ல டிக்கில பூட்டி இருக்கணும், போறது விதிவிலக்குல இருக்குற இடத்துக்குத்தான் இருக்கணும், வழில விலகினா "சூழ்நிலைக்கு நியாயமாத் தேவைப்படுற" அளவுதான் விலகலாம். இந்தக் கடைசி வரிதான் எல்லாருக்கும் வயித்தக் கலக்குது. பெட்ரோல் போட நிறுத்துறது, பாத்ரூம் போறதுன்னா யாரும் பயப்படுறதில்ல. காபி குடிக்க? பொண்ண டான்ஸ் கிளாஸ்லேர்ந்து கூட்டிட்டு வர? ரேஞ்ச்லேர்ந்து திரும்பும்போது ஓக் ட்ரீ ரோட்ல இறங்கி காய்கறி வாங்க? கோடு எங்க இருக்குன்னு சட்டத்துல எழுதல, அது கோர்ட்ல உங்க முன்னாடி வர்ற நீதிபதி பார்த்து சொல்றது. அதனால நான் ரொம்பக் கறாரா ஒரு பழக்கம் வச்சிருக்கேன்: ரேஞ்ச் நாள்னா ரேஞ்ச் மட்டும். வீட்லேர்ந்து ரேஞ்ச், ரேஞ்ச்லேர்ந்து வீடு, துப்பாக்கிய சேஃப்ல வச்சுப் பூட்டிட்டு அப்புறம்தான் காய்கறி. போற வழில மனைவி போன் பண்ணி தயிர் வாங்கிட்டு வரச் சொன்னாலும் வீட்டுக்கு வந்துட்டுத்தான் திரும்பப் போவேன், அவங்களுக்கும் இது பழகிடுச்சு.

இவ்ளோ பயம் தேவையான்னு தோணும், அதுக்கு ரெண்டு சம்பவம் சொல்றேன், ரெண்டும் பொதுவுல பதிவானது. 2005ல யூட்டா ஸ்டேட்காரர் ஒருத்தர் முறையா டிக்ளேர் பண்ணி, செக் இன் பையில பூட்டி வச்ச துப்பாக்கியோட பென்சில்வேனியாவுக்குப் போறாரு, நியூ ஜெர்சில இருக்குற நியூவார்க் ஏர்போர்ட்ல மாறணும், ஃப்ளைட் லேட்டாகி அடுத்த இணைப்ப விட்டுட்டாரு. பைய அவர் கைல குடுத்துட்டாங்க, ராத்திரி ஏர்போர்ட் பக்கத்து ஓட்டல்ல தங்கிட்டு மறுநாள் காலைல கவுண்டர்ல போய் அவரே துப்பாக்கி இருக்குன்னு சொல்றாரு, அங்கயே கைது பண்ணிட்டாங்க, நாலு நாள் ஜெயில். கேஸ அப்புறம் கைவிட்டாங்க, ஆனா அவர் போலீஸ் மேல போட்ட வழக்குல 2010ல மேல்முறையீட்டு கோர்ட், ராத்திரி பை அவர் கைக்கெட்டுற தூரத்துல இருந்ததால 1986 ஃபெடரல் சட்டம் வழிப்போக்கருக்குக் குடுக்குற பாதுகாப்பு இவருக்குக் கிடைக்காதுன்னு சொல்லிடுச்சு. இன்னொண்ணு 2013ல, ஃபிலடெல்ஃபியாவச் சேர்ந்த ஒரு அம்மா, பென்சில்வேனியா பர்மிட் வச்சிருக்காங்க, பாலம் தாண்டி நியூ ஜெர்சிக்குள்ள அட்லாண்டிக் சிட்டி பக்கம் வந்தப்போ போக்குவரத்து போலீஸ் நிறுத்துறாரு, அவங்களே துப்பாக்கி இருக்குன்னு உண்மையச் சொல்றாங்க. நியூ ஜெர்சி வேற எந்த ஸ்டேட் பர்மிட்டையும் ஏத்துக்கிறதில்ல. அதே 42 மாசம் தலைக்கு மேல தொங்குச்சு, ஊரே பேசினதுக்கப்புறம் ஜெயில் இல்லாத ஒரு மாற்றுத் திட்டத்துல சேர விட்டாங்க, 2015ல கவர்னர் கிறிஸ்டி மன்னிப்பு குடுத்தாரு. ரெண்டு பேரும் ஒளிக்கல, பொய் சொல்லல, வாயால உண்மையச் சொல்லித்தான் மாட்டினாங்க. இத நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. உங்களுக்கு இதுல இன்னொரு அடுக்கு இருக்கு: நீங்க இன்னும் சிட்டிசன் இல்ல. துப்பாக்கிக் குற்றத்துல தண்டனை ஆச்சுன்னா அதுவே நாடு கடத்த ஒரு காரணம், கிரீன் கார்டு அதுக்கு முன்னாடி நிக்காது. பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு ஒரு கெட்ட வருஷமா முடியுறது உங்களுக்கு இந்த நாட்டு வாழ்க்கையே முடியுறதா ஆகலாம். அதனாலதான் நம்ம ஆளுங்க கிட்ட மட்டும் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

அதே மாதிரி பொண்ணுக்கு வாங்குற விளையாட்டுச் சாமான்லயும் கவனம். பிபி கன், பெல்லட் கன் எல்லாம் இங்க சட்டப்படி துப்பாக்கிதான், கைல பிடிக்கிற பிபி பிஸ்டலுக்கும் பர்மிட் வேணும். பென்சில்வேனியா கடைல பொம்மை மாதிரி அட்டைல மாட்டி விக்கிறத வாங்கிட்டு பாலம் தாண்டி வந்துடாதீங்க. உண்டிவில் கூட தகுந்த காரணம் இல்லாம வச்சிருக்கக் கூடாத பட்டியல்ல இருக்கு.

வெளிய இடுப்புல வச்சுக்கிட்டுப் போறதப் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் டெக்சாஸ்ல பழகினவர்ங்கறதால சொல்றேன். 2022 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் நியூயார்க் வழக்குல தீர்ப்பு சொல்ற வரைக்கும் இங்க சாதாரண ஆளுக்கு கேரி பர்மிட் கிடைக்கிறது நடக்காத காரியம். இப்போ கிடைக்குது, 200 டாலர், நாலு ரெஃபரன்ஸ், சுட்டுக் காட்டுற தேர்வு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும். ஆனா அதே வருஷம் டிசம்பர்லயே எங்கெல்லாம் கொண்டு போகக் கூடாதுன்னு ஒரு நீண்ட பட்டியல் போட்டாங்க, அதுல எது செல்லும் எது செல்லாதுன்னு கோர்ட்ல இழுத்துக்கிட்டே கிடக்கு, ஒரு வருஷம் ஒண்ணு நிக்கும், அடுத்த வருஷம் விழும். இந்த ஒரு விஷயத்துல நான் சொல்றதயோ வேற யார் சொல்றதயோ வச்சு நடக்காதீங்க, அன்னைக்குத் தேதில என்ன நிலைன்னு வக்கீல்கிட்ட கேளுங்க. முதல் ரெண்டு வருஷம் அந்த யோசனையே வேண்டாங்கறது என் அபிப்பிராயம்.

வீட்டுக்குள்ள எளிது, ஆனா அலட்சியம் கூடாது. 16 வயசுக்கு உட்பட்ட பிள்ளை கைக்கு எட்டுற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கிய வச்சா அது குற்றம், உங்க வீட்ல ஏழு வயசுப் பிள்ளை இருக்கு. சுவத்துல போல்ட் போட்ட சேஃப், தோட்டா தனியா, இது சட்டத்துக்காக இல்லன்னாலும் பண்ண வேண்டியது. வீட்ல சண்டை வந்து யாராவது கோர்ட்ல தடை உத்தரவு வாங்கினா போலீஸ் வந்து எல்லாத் துப்பாக்கியும் கார்டும் எடுத்துட்டுப் போயிடுவாங்க, கேஸ் தள்ளுபடி ஆனாலும் திரும்பக் கிடைக்கிறது தானா நடக்காது, தனியாப் போராடணும். 2019 செப்டம்பர்லேர்ந்து குடும்பத்து ஆளே போய், இவர் கைல துப்பாக்கி இருக்குறது ஆபத்துன்னு உத்தரவு கேக்கலாம். இந்த ரெண்டையும் நான் குறையா சொல்லல. வகுப்புக்கு வந்த ஒருத்தர் வேலை போய், மனசு ஒடிஞ்சு கிடந்தப்போ அவர் மனைவியே கேட்டுக்கிட்டு, அவர் துப்பாக்கிய டீலர்கிட்ட ஒப்படைச்சதப் பக்கத்துலேர்ந்து பார்த்தவன் நான், இன்னைக்கு அவர் நல்லா இருக்காரு.

அப்போ விக்கவா வைக்கவா? ஏஆர், பெரிய மேகசின், ஹாலோ பாயிண்ட் மூணையும் அங்கயே முடிச்சுடுங்க, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. கிளாக்க வச்சுக்கலாம், ஆனா ஒரு நிபந்தனை: ரேஞ்ச் நாள்னா ரேஞ்ச் மட்டும்ங்கற ஒழுக்கம் உங்களுக்கு வருமான்னு நீங்களே உங்களக் கேட்டுக்கங்க. டெக்சாஸ்ல கார் டேஷ்போர்டுக்குள்ள வச்சுட்டு மறந்து போற பழக்கம் உங்களுக்கு இருந்திருந்தா வித்துட்டு வாங்க, ரெண்டு வருஷம் ரேஞ்ச்ல வாடகைத் துப்பாக்கில சுட்டுப் பழகிட்டு அப்புறம் இங்கயே முறையா வாங்குங்க. இந்த ஸ்டேட்ல துப்பாக்கியால சாகறவங்க விகிதம் நாட்டுலயே ரொம்பக் கம்மியான இடங்கள்ல ஒண்ணு. அதுக்கு இந்தச் சட்டம்தான் காரணமா, இதுல எவ்ளோ பங்கு வேற விஷயங்களுக்குங்கறதுல விவரம் தெரிஞ்சவங்களே ஒத்துப் போறதில்ல. பர்மிட்டுக்குக் காத்திருக்குறது, பயிற்சி, பூட்டி வைக்கிறது இதெல்லாம் எனக்கு சம்மதம். உண்மையச் சொன்ன வழிப்போக்கர 42 மாசம்னு மிரட்டுறது மட்டும் சம்மதம் இல்ல.

கடைசியா உங்க மச்சினன், "அவரையும் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போலாமா"ன்னு சாதாரணமாக் கேட்டிருந்தீங்க. கூடாது. ஹெச் 1 பி மாதிரி விசால இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கைல வச்சிருக்கவே ஃபெடரல் சட்டம் விடுறதில்ல, ரேஞ்ச்ல பத்து நிமிஷம் வாடகைக்கு எடுத்துச் சுடுறதும் அதுல சேரும், எந்த ஸ்டேட்லயும் இதே கதைதான். வேட்டை லைசென்ஸ் வச்சிருந்தா விலக்குன்னு ஒண்ணு இருக்கு, அத நம்பி இறங்குறதுக்கு முன்னாடி அவரும் அவர் இமிக்ரேஷன் வக்கீலும் பேசட்டும். ஆபீஸ் டீம் அவுட்டிங்னு ரேஞ்சுக்குப் போய் போட்டோ எடுத்து போடுற பசங்களப் பார்த்தா எனக்குப் பதறுது, யாரும் அவங்களுக்குச் சொல்றதில்ல. ஒரே வீட்ல இருக்கப் போறீங்க, அதனால சேஃப் நம்பர் அவருக்குத் தெரியக் கூடாது, சாவி அவர் கைக்குப் போகக் கூடாது, நீங்க ஊர்ல இல்லாதப்போ எடுத்து வைங்கன்னு போன்ல சொல்லவும் கூடாது. அவர் கோவிச்சுக்கலாம், காரணத்த உக்காந்து சொல்லுங்க, புரிஞ்சுக்குவாரு.